அடிவயிற்று வலி கிளெய்ம் திரும்பி வந்தால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கொழும்பில் அமெரிக்க வைத்தியசாலைகளுக்காக இரவு வேலை செய்யும் பில்லிங் அலுவலகங்களில், புதிதாகச் சேரும் கோடருக்கு, அதாவது வைத்தியரின் குறிப்புகளை நோய்க்குறியீடாக மாற்றுபவருக்கு, வயிற்றுவலிச் சார்ட்டுகளையே (நோயாளர் பதிவேடுகளையே) முதலில் கொடுப்பார்கள். அவை இலகுவானவை என்ற தவறான எண்ணம்தான் காரணம். எலும்பு முறிந்தவரின் சார்ட்டில் எந்த எலும்பு, எந்தப் பக்கம் என்பதை எக்ஸ்ரே அறிக்கையே சொல்லிவிடும். அடிவயிற்று வலியில் அப்படியல்ல. வைத்தியர் எதை உறுதிப்படுத்தினார், எதைச் சந்தேகித்தார், எதை நோயாளர் சொல்லக் கேட்டு எழுதினார் என்பதைக் கோடரே வாக்கியம் வாக்கியமாகப் பிரித்தெடுக்க வேண்டும். பத்தாண்டுகளுக்கு மேலாக இந்தச் சார்ட்டுகளையும் அவற்றின் மறுப்புகளையும் பார்த்து வருபவன் என்ற முறையில், கிளெய்ம், அதாவது காப்புறுதி நிறுவனத்திடம் பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கை, எந்த அறிகுறியுடன் திரும்பி வருகிறதோ அதிலிருந்து தொடங்கிப் பிழையின் மூலத்தைத் தேடும் வழியை இங்கே எழுதுகிறேன். குறியீடுகளின் முன்னெழுத்தைத் தமிழில் "ஆர்", "கே", "ஓ" என்பதுபோல ஒலிப்புப்படி எழுதியிருக்கிறேன். திரையில் அதற்குரிய ஆங்கில எழுத்தையே அடிக்க வேண்டும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் அறிய வேண்டியது கிளெய்ம் எங்கே நின்றது என்பதுதான். கிளெய்ம்களைச் சரிபார்த்துக் காப்புறுதி நிறுவனத்துக்குக் கடத்தும் இடைநிலை நிறுவனமான கிளியரிங் ஹவுஸிலேயே திருப்பப்பட்டிருந்தால் அது நிராகரிப்பு. காப்புறுதி நிறுவனம் அதை இன்னும் பார்க்கவே இல்லை, ஆகவே திருத்திப் புதிதாக அனுப்பலாம். நிறுவனம் பெற்றுப் பரிசீலித்துப் பணம் தர மறுத்திருந்தால் அது மறுப்பு. அதற்கு ஒரு கிளெய்ம் எண் பிறந்துவிட்டது, இனி அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் எதையும் செய்ய வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஒரு பிழையைத் திருத்தப்போய் இரண்டாவது பிழையை உண்டாக்குகிறார்கள்.

"நோய்க்குறியீடு செல்லாது" என்று திரும்பி வருகிறது

கிளியரிங் ஹவுஸ் செய்தியாகவோ, காப்புறுதி நிறுவனம் மறுப்பின் காரணத்தைச் சொல்லும் சி.ஓ. 146 அல்லது எம். 76 என்ற குறிப்புடனோ இது வரும். பெரும்பாலும் குறியீடு முழுமையடையவில்லை என்பதே காரணம். ஆர்10.3 என்பது ஒரு தலைப்பு மட்டுமே. அதன் கீழ் இடம் குறிப்பிடப்படாத அடிவயிற்று வலிக்கு ஆர்10.30, வலது கீழ்ப் பகுதிக்கு ஆர்10.31, இடது கீழ்ப் பகுதிக்கு ஆர்10.32, தொப்புளைச் சுற்றிய வலிக்கு ஆர்10.33 என நான்கு குறியீடுகள் உள்ளன. இவற்றில் ஒன்றைத்தான் அனுப்ப முடியும்.

இரண்டாவது காரணம் இலங்கையருக்கே உரியது. எங்கள் அரச வைத்தியசாலைகளின் உள்நோயாளர் புள்ளிவிவரங்கள் உலக சுகாதார ஸ்தாபனத்தின் மூல ஐ.சி.டி. 10 நோய் வகைப்பாட்டின்படி தயாரிக்கப்படுகின்றன. அங்கே பழகிவிட்டு இங்கே வருபவரின் கை, இடம் தெரியாத வயிற்றுவலிக்கு ஆர்10.4 என்று தானாகவே அடித்துவிடும். மூல வகைப்பாட்டில் அது சரியானதே. 2015 ஒக்டோபர் 1 முதல் அமெரிக்காவில் பயன்பாட்டில் உள்ள ஐ.சி.டி. 10 சி.எம். பதிப்பிலோ அந்த எண்ணே இல்லை. அங்கே குறிப்பிடப்படாத வயிற்றுவலி ஆர்10.9 ஆகும். மூல வகைப்பாட்டில் ஆர்10.3 நான்கு இலக்கத்தோடு முடிந்துவிடுவதும், வலம் இடம் என்ற பிரிவு அதில் இல்லாததும் முதற்காரணத்தில் சொன்ன பிழைக்கும் வித்தாகின்றன.

மூன்றாவது காரணம் திகதி. அமெரிக்கப் பதிப்பு ஆண்டுதோறும் ஒக்டோபர் 1 அன்று மாறும். ஏப்ரல் 1 அன்றும் சில மாற்றங்கள் வருவதுண்டு. இடுப்புக்குழி மற்றும் பெரினிய வலிக்கு ஆர்10.2 என்ற ஒரே குறியீடு நெடுங்காலம் போதுமானதாக இருந்தது. 2025 ஒக்டோபர் 1 முதல் அது தலைப்பாகிவிட்டது. பக்கம் குறிப்பிடாதது ஆர்10.20, வலது ஆர்10.21, இடது ஆர்10.22, இருபக்கமும் ஆர்10.23, பூப்பெலும்புக்கு மேலுள்ள வலி ஆர்10.24 எனப் பிரிந்தது. விலாவுக்குக் கீழான பக்கவாட்டு வலிக்கும் ஆர்10.ஏ0 முதல் ஆர்10.ஏ3 வரை புதிய குறியீடுகள் அதே நாளில் வந்தன. எந்தப் பதிப்பைப் பயன்படுத்துவது என்பதை நீங்கள் வேலை செய்யும் நாள் தீர்மானிப்பதில்லை. வெளிநோயாளருக்குச் சேவை வழங்கப்பட்ட நாளும், உள்நோயாளருக்கு வீடு திரும்பிய நாளும் தீர்மானிக்கின்றன. கொழும்பில் ஒக்டோபர் 1 காலை எட்டு மணியாகும்போது நியூயோர்க்கில் செப்டெம்பர் 30 இரவு பத்தரை மணிதான். அந்த வாரத்தில் நாட்காட்டியைப் பார்க்காமல் சார்ட்டில் உள்ள திகதியையே பாருங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் தட்டச்சைப் பாருங்கள். வைத்தியரின் பில்லுக்குரிய சி.எம்.எஸ். 1500 படிவத்தில், நோய்க்குறியீடுகளை எழுதும் 21ஆம் கட்டத்தில் புள்ளி இடக்கூடாது. கர்ப்பகாலக் குறியீடுகளின் முதலெழுத்து "ஓ". அங்கே பூச்சியத்தை அடித்துவிட்டு அரைமணி நேரம் காரணம் தேடியவர்களில் நானும் ஒருவன்.

பணம் வந்துவிட்டது, ஆனால் கணக்காய்வில் "இடம் தவறு" என்று குறிக்கப்படுகிறது

இதில் பாதிப் பிழை எங்கள் மொழிக்குள்ளேயே இருக்கிறது. தமிழில் "அடிவயிறு" என்று சொன்னால் தொப்புளுக்குக் கீழே உள்ள அத்தனையும் அடங்கிவிடும். வலது கீழ்ப் பகுதி, இடது கீழ்ப் பகுதி, மூத்திரப்பைக்கு மேல், கர்ப்பப்பை இருக்கும் குழி எல்லாம் ஒன்றுதான். "இடுப்பு" இன்னும் மோசம். கீழ்முதுகு, இடுப்பு மூட்டு, இடுப்புக்குழி மூன்றுக்கும் அந்த ஒரு சொல்தான் பேச்சில் உண்டு. மனதுக்குள் தமிழில் மொழிபெயர்த்துவிட்டுப் பிறகு குறியீட்டைத் தேடுபவர், இடுப்புக்குழி வலி என்று வைத்தியர் எழுதியதை மூட்டு வலிக்கோ எம்54 வரிசையில் உள்ள கீழ்முதுகு வலிக்கோ கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறார். சார்ட்டின் சொல்லை அப்படியே அகரவரிசைச் சுட்டியில் தேடி, பிறகு பட்டியற்பகுதியில் உறுதிசெய்யும் பழக்கம்தான் இதற்கு மருந்து.

நோயாளர் சொன்ன வலியும், வைத்தியர் அழுத்திப் பார்த்தபோது கண்ட நோவும் வெவ்வேறானவை. வலது கீழ்ப் பகுதி வலி ஆர்10.31, அதே இடத்தில் அழுத்தும்போது உண்டாகும் நோவு ஆர்10.813; அழுத்திய கையை எடுக்கும்போது உண்டாகும் நோவு ஆர்10.823. பரிசோதனைப் பகுதியில் மட்டும் இருக்கும் சொல்லை வலிக்குறியீடாக மாற்றுவதற்கு முன், வைத்தியர் தமது முடிவுரையில் என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். தாதியின் முதற்குறிப்பில் வலது பக்கம் என்றும் வைத்தியரின் குறிப்பில் இடது பக்கம் என்றும் இருந்தால் நீங்கள் நீதிபதியாக வேண்டாம். வைத்தியரிடம் விளக்கம் கேட்கும் குவெரி அனுப்புங்கள். அந்தக் குவெரியில் விடையை ஊட்டும் கேள்வி இருக்கக்கூடாது. "வலது பக்கம் என்று எழுதிவிடலாமா" என்று கேட்பது குவெரி ஆகாது.

எந்த மறுப்பும் இல்லை. சந்தேக நோய் உறுதிநோயாகப் போய்விட்டது

எல்லாவற்றிலும் ஆபத்தான அறிகுறி இதுதான், ஏனென்றால் இதற்கு அறிகுறியே இல்லை. வலது கீழ்ப் பகுதி வலியோடு ஒருவர் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார். வைத்தியர் "குடல்வால் அழற்சியாக இருக்கலாம், ஸ்கான் எடுத்து விலக்க வேண்டும்" என்று எழுதுகிறார். கோடர் கே35.80 என்று போடுகிறார். ஸ்கானுக்கு அதைவிட வலுவான காரணம் எந்தக் காப்புறுதி நிறுவனத்துக்கும் தேவையில்லை. பணம் சிரமமில்லாமல் வந்து சேர்கிறது. ஸ்கானில் குடல்வால் நன்றாகவே இருக்கிறது, நோயாளர் அன்றே வீடு திரும்புகிறார். ஆனால் அவருடைய கிளெய்ம் வரலாற்றில் கடுமையான குடல்வால் அழற்சி ஏறிவிட்டது. பின்னர் அவர் வேறொரு வைத்தியசாலைக்குப் போகும்போதோ, கணக்காய்வாளர் ஒருவர் குடல்வால் அழற்சி என்று குறித்தும் சத்திரசிகிச்சை நடக்காத கிளெய்ம்களைத் தனியே எடுத்துப் பார்க்கும்போதோதான் அது வெளிவரும்.

குறியிடுவதற்கான அமெரிக்க அதிகாரபூர்வ வழிகாட்டியின் நான்காம் பிரிவு இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. வெளிநோயாளர் சேவையில் "சாத்தியம்", "சந்தேகம்", "விலக்க வேண்டும்", "ஒத்துப்போகிறது", "தற்காலிக முடிவு" போன்ற சொற்களோடு எழுதப்பட்ட நோயைக் குறியிடக்கூடாது; அந்த வருகையில் உறுதியாகத் தெரிந்த அளவுக்கு மட்டுமே குறியிட வேண்டும். வலி மட்டும் தெரிந்திருந்தால் வலியைத்தான் குறியிட வேண்டும். அறிகுறிக் குறியீட்டை அனுப்புவது அரைகுறை வேலை என்று புதியவர்கள் வெட்கப்படுகிறார்கள். உறுதியான நோய் நிறுவப்படாதபோது அறிகுறியைக் குறியிடலாம் என்று அதே வழிகாட்டி சொல்லும்போது வெட்கத்துக்கு இடமே இல்லை.

உள்நோயாளருக்கு வைத்தியசாலை அனுப்பும் கிளெய்மில் மட்டும் விதி மாறும். வீடு திரும்பும் நேரத்திலும் நோய் "சாத்தியம்" என்றே எழுதப்பட்டிருந்தால், அது இருந்ததாகவே கொண்டு குறியிடலாம் என்று வழிகாட்டியின் இரண்டாம் பிரிவு அனுமதிக்கிறது. இரண்டு வகைச் சார்ட்டுகளும் ஒரே இரவில் ஒரே மேசைக்கு வருவதால்தான் குழப்பம் உண்டாகிறது. ஆகவே சார்ட்டைத் திறந்ததும் நோயைப் பார்ப்பதற்கு முன் சேவையின் வகையைப் பாருங்கள். "கண்காணிப்பு" என்ற பெயரில் ஒரு நாள் முழுவதும் கட்டிலில் படுத்திருந்தவரும் வெளிநோயாளர்தான்.

ஸ்கானைப் படித்த கதிரியக்க வைத்தியரின் இறுதி அறிக்கை குறியிடும் நேரத்தில் கையில் இருந்தால், அதில் உறுதியாகச் சொல்லப்பட்ட நோயைக் குறியிடலாம். அதன் அறிகுறியை மேலதிகமாகச் சேர்க்கக்கூடாது. அந்த அறிக்கையிலும் "ஒத்துப்போகிறது" என்ற சொல் வந்தால் அது உறுதி ஆகாது. தற்செயலாகக் கண்ட சிறுநீரகக் கட்டியை முதல் வரியில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். ஸ்கான் எடுக்கப்பட்ட காரணம் வலி. கட்டி அதற்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.

நோயும் அதன் வலியும் இரண்டாகப் போய்விட்டன

இடது கீழ்ப் பகுதி வலிக்குக் காரணம் பெருங்குடல் பைகளின் அழற்சி என்று வைத்தியர் உறுதிப்படுத்தியிருந்தால் கே57.32 மட்டும் போதும், ஆர்10.32 அதற்குள் அடங்கிவிட்டது. நோயோடு வழமையாக வரும் அறிகுறியைத் தனியே குறியிடக்கூடாது என்பது விதி. ஆனால் சிறுநீர்த் தொற்று என்று என்39.0ஐ உறுதிப்படுத்திய வைத்தியர், "வலது கீழ்ப் பகுதி வலிக்குக் காரணம் தெளிவில்லை, மீண்டும் பார்க்க வேண்டும்" என்றும் எழுதியிருந்தால் இரண்டையும் குறியிட வேண்டும், ஏனென்றால் அந்த வலியை அவரே தொற்றோடு இணைக்கவில்லை. சிறுநீரக வலிக்குரிய என்23 வேறு கதை. ஆர்10 தலைப்பின் கீழே அது முதல்வகை விலக்காக, அதாவது சேர்த்துக் குறியிடக்கூடாததாகக் குறிக்கப்பட்டுள்ளது. ஒரே வலிக்கு இரண்டையும் அனுப்பினால் மென்பொருளே தடுத்துவிடும்.

ஸ்கான் வரி மட்டும் சி.ஓ. 11 அல்லது சி.ஓ. 50 என்று மறுக்கப்படுகிறது

சி.ஓ. 11 என்றால் நோய்க்குறியீடு செய்முறையோடு பொருந்தவில்லை என்று பொருள். சி.ஓ. 50 என்றால் மருத்துவத் தேவை நிறுவப்படவில்லை என்று பொருள். அடிவயிற்று வலியில் இவை இரண்டுக்கும் நான் அடிக்கடி கண்ட காரணம் குறியீடு அல்ல, எந்தச் சேவை எந்த நோய்க்காக என்று சுட்டும் பொயின்டர்தான்.

சி.எம்.எஸ். 1500 படிவத்தில் 12 நோய்க்குறியீடுகள் வரை எழுதலாம். ஒவ்வொரு சேவை வரியும் 24ஈ கட்டத்தில் அவற்றில் நான்கை மட்டுமே சுட்ட முடியும். உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ள ஒருவர் இடது கீழ்ப் பகுதி வலியோடு வருகிறார் என்று வையுங்கள். பழைய பட்டியலை இழுத்து வந்த மென்பொருள் ஐ10ஐ முதலிலும் ஈ11.9ஐ இரண்டாவதாகவும் வைத்து, ஆர்10.32ஐ மூன்றாம் இடத்துக்குத் தள்ளிவிடுகிறது. வயிறும் இடுப்புக்குழியும் சேர்த்து மாறுபாட்டு மருந்துடன் எடுக்கும் சி.ரி. ஸ்கானுக்குரிய 74177 வரி, முதல் நோய்க்குறியீட்டின் இடமான "ஏ" என்பதை மட்டும் சுட்டுகிறது. இப்போது அந்தக் கிளெய்மை வாசிக்கும் இயந்திரத்துக்கு, இரத்த அழுத்தத்துக்காக வயிற்றை ஸ்கான் செய்திருக்கிறார்கள் என்றுதான் தெரியும். மறுப்பது அதன் தவறல்ல. வருகைக்கு முதற்காரணமானதை முதலில் வைத்து, ஸ்கான் வரியை அதற்குச் சுட்டித் திருத்தினால் போதும்.

பொயின்டர் சரியாக இருந்தும் மறுப்பு வந்தால், அந்த நிறுவனத்தின் கொள்கைப் பட்டியலைத் திறக்க வேண்டும். ஆர்10.9, ஆர்10.30 போன்ற பொதுக் குறியீடுகள் சில இடங்களில் ஏற்கப்படாமல் போகலாம். சார்ட்டில் பக்கம் எழுதப்பட்டிருந்தும் நீங்கள் பொதுக் குறியீட்டைப் போட்டிருந்தால் அது உங்கள் பிழை, திருத்தலாம். சார்ட்டிலேயே பக்கம் இல்லை என்றால், பட்டியலில் உள்ள குறியீடு ஒன்றைத் தேடிப் பொருத்துவதற்கு எந்த வழியும் இல்லை. பட்டியலைப் பார்த்துவிட்டுச் சார்ட்டுக்குப் போவது இந்தத் தொழிலில் வேலை போகக்கூடிய குற்றம். சில வேளை அது மோசடி என்றும் பெயர் பெறும்.

அவசரப் பிரிவுக் கட்டணம் குறைக்கப்பட்டு வருகிறது

அவசரப் பிரிவுப் பரிசோதனையை 99284 என்று அனுப்பியது, அதைவிடக் கீழ்மட்டமான 99282 அளவுக்குக் குறைக்கப்பட்டு வருகிறது, அல்லது "அவசரம் அல்ல" என்று முழுவதுமே மறுக்கப்படுகிறது. இறுதி நோய் மலச்சிக்கல், கே59.00. வலியில் துடித்தபடி நள்ளிரவில் வந்தவருக்கு அது மலச்சிக்கல்தான் என்று வரும்போது தெரியாது. சாதாரண விவேகமுள்ள ஒருவர் தமது அறிகுறிகளைக் கொண்டு அவசரம் என்று நினைத்திருப்பாரா என்பதே அமெரிக்கச் சட்டம் கேட்கும் கேள்வி. இறுதியில் என்ன நோய் கண்டறியப்பட்டது என்பது அல்ல.

இந்தக் கேள்விக்குரிய விடையைக் கிளெய்மிலேயே வைக்க இடம் இருக்கிறது. வைத்தியசாலையின் யூ.பி. 04 படிவத்தில் 67ஆம் கட்டம் முதன்மை நோய்க்கானது. 70ஆம் கட்டம் நோயாளர் வந்த காரணத்துக்கானது, அதில் மூன்று குறியீடுகள் வரை எழுதலாம். கே59.00 67ஆம் கட்டத்தில் இருந்தாலும் ஆர்10.32 70ஆம் கட்டத்தில் நிற்கலாம், நிற்கவும் வேண்டும். முன் பிரிவில் அடங்கிவிட்டது என்று சொன்ன வலி இங்கே வருகைக் காரணமாக மட்டும் இடம் பிடிக்கிறது. அதில் முரண்பாடு இல்லை. இந்தக் கட்டம் வெறுமையாகப் போயிருந்தால் நிரப்பித் திருத்திய கிளெய்ம் அனுப்புங்கள். நிரம்பியிருந்தும் குறைத்திருந்தால் மேன்முறையீடு செய்யுங்கள். கடிதத்தில் இறுதி நோயைப் பற்றி வாதிடாமல், வந்தபோது பதிவான வலியின் அளவு, வாந்தி, காய்ச்சல், வைத்தியர் விலக்க வேண்டியிருந்த நோய்கள், எடுத்த சோதனைகள் ஆகியவற்றை நேர வரிசையில் எழுதுங்கள். வைத்தியரின் தனிப் பில்லில் 70ஆம் கட்டம் போன்ற இடம் இல்லை. அங்கே அளவைத் தாங்குவது மருத்துவ முடிவெடுத்தலின் சிக்கலைக் காட்டும் குறிப்புகளே.

கர்ப்பிணி என்று தெரிந்தும் ஆர்10.30 மட்டும் போயிருக்கிறது

கர்ப்பகாலத்தில், கர்ப்பத்துக்கென்றே உள்ள 15ஆம் அத்தியாயக் குறியீடுகளே முன்னிற்கும். அந்தக் கர்ப்பம் இந்த வருகையோடு தொடர்பில்லாதது என்று வைத்தியரே எழுதினால் மட்டுமே இசட்33.1 போட்டு விலகலாம். எழுதாவிட்டால் தொடர்புடையதாகவே கொள்ள வேண்டும். வேறு உறுதியான நோய் இல்லாத அடிவயிற்று வலிக்கு ஓ26.89 தலைப்பின் கீழ் மும்மாதத்துக்கேற்ற ஆறாவது இலக்கத்தோடு ஒரு குறியீடு, அதன் பின் வலியின் ஆர்10 குறியீடு, அதன் பின் வாரத்தைச் சொல்லும் இசட்3ஏ குறியீடு என்ற வரிசை பொருந்தும். முதல் மும்மாதம் 14 வாரம் நிறைவதற்கு முன் முடிகிறது, இரண்டாவது 28 வாரத்துக்கு முன். எல்லை வாரங்களில் ஆறாவது இலக்கமும் இசட்3ஏ எண்ணும் ஒன்றோடொன்று முரண்பட்டுக் கிளெய்ம் திரும்பி வரும்.

சி.ஓ. 9, சி.ஓ. 10, சி.ஓ. 97

முதல் இரண்டும் நோய்க்குறியீடு வயதோடும் பாலினத்தோடும் பொருந்தவில்லை என்பவை. மாதவிடாய் வலிக்குரிய என்94.6 ஆண் ஒருவரின் கிளெய்மில் வந்தால் கோடரைத் திட்டுவதற்கு முன் பதிவு மேசையில் பதிந்த பாலினத்தைப் பாருங்கள். வேறொரு சேவையின் கட்டணத்துக்குள் அடங்கிவிட்டது என்று சொல்லும் சி.ஓ. 97 சத்திரசிகிச்சை வைத்தியரின் பரிசோதனைக் கட்டணத்தில் வந்தால், அன்றே அல்லது மறுநாள் குடல்வால் அகற்றப்பட்டதா என்று பாருங்கள். லேப்ரஸ்கோப் வழியான 44970 சத்திரசிகிச்சைக்கு 90 நாள் பொதிக்காலம், அதாவது தொடர்புடைய பரிசோதனைகளும் அதே கட்டணத்துக்குள் அடங்கும் காலம், உண்டு. சத்திரசிகிச்சை செய்வது என்ற முடிவு அந்தப் பரிசோதனையில்தான் எடுக்கப்பட்டிருந்தால் 57 என்ற மாற்றுக்குறி வேண்டும்.

திருத்தி அனுப்பியது சி.ஓ. 18 என்று மீண்டும் வருகிறது

அதே கிளெய்மை இரண்டாம் முறை அனுப்பியிருக்கிறீர்கள் என்று நிறுவனம் நினைக்கிறது, அது நினைப்பதும் நியாயமே. பரிசீலிக்கப்பட்ட கிளெய்மைத் திருத்தும்போது சி.எம்.எஸ். 1500 படிவத்தின் 22ஆம் கட்டத்தில் மாற்றீடு என்பதைக் குறிக்கும் 7ஐயும், நிறுவனம் கொடுத்த மூலக் கிளெய்ம் எண்ணையும் எழுத வேண்டும். முழுவதுமாக இரத்துச் செய்ய 8. அமெரிக்க அரச காப்புறுதியான மெடிக்கேரில், வைத்தியர் சேவைகளுக்குரிய பகுதி பி-யில் இந்த 7 செல்லாது. எழுத்துப் பிழை போன்ற சிறு திருத்தங்களுக்கு மீள்திறப்புக் கேட்க வேண்டும், மருத்துவத் தேவை பற்றிய மறுப்புக்கு மேன்முறையீடு செய்ய வேண்டும். தகவல் குறைபாட்டைச் சொல்லும் சி.ஓ. 16 உடன் எம்.ஏ. 130 என்ற குறிப்பு வந்திருந்தால் மேன்முறையீட்டு உரிமையே இல்லை. பரிசீலிக்க முடியாததாக அது கருதப்பட்டதால் குறையைத் தீர்த்துப் புதிய கிளெய்மாக அனுப்ப வேண்டும்.

காலக்கெடு இரண்டையும் மேசையில் ஒட்டி வையுங்கள். மெடிக்கேர் கிளெய்ம் சேவை நாளிலிருந்து ஒரு நாட்காட்டி ஆண்டுக்குள் போய்ச் சேர வேண்டும். முதற்கட்ட மேன்முறையீடு முடிவைப் பெற்ற நாளிலிருந்து 120 நாட்களுக்குள் போய்ச் சேர வேண்டும். தனியார் நிறுவனங்களின் காலக்கெடு அந்தந்த ஒப்பந்தத்தில் இருக்கும், சிலவற்றில் மிகவும் குறுகியதாக இருக்கும். சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்காகப் பாதிப்பேர் ஊருக்குப் போய்விடும் வாரத்தில் சி.ஓ. 29 என்ற காலங்கடந்த மறுப்பு வந்தால் அதைத் திருத்த எந்தக் குறியீடும் உதவாது. அதனால் விடுமுறைக்கு முந்திய வாரத்தில் மறுப்புகளைத் தொகை வாரியாக அல்லாமல் கெடுத்திகதி வாரியாக வரிசைப்படுத்தி, மேலே உள்ளதிலிருந்து வேலையைத் தொடங்குங்கள்.